சத்தம் போடாத ஓட்டை

ஐந்து மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.
ஒவ்வொருவராய்க் குனிந்து கேட்டார்கள்.
எல்லாருக்கும் கை குளிர்.
"என்ன கேக்குது?" என்றார் பெரிய டொக்டர்.
நால்வர் நிலத்தைப் பார்த்தார்கள்.
மூக்குத்தி போட்ட ஒருத்தி மட்டும்,
"ரெண்டாவது சத்தம் ரெண்டாப் பிரியுது சேர்,
மூச்சு இழுத்தாலும் சேருதில்லை" என்றாள்.

அவர் தலையாட்டினார்.
"கீழறைச் சுவரில சின்ன ஓட்டை எண்டால்
வாசலிலேயே கேக்கும்.
மேலறையில பெரிசு இருந்தாலும்
ஒண்டும் சொல்லாது."

எங்கள் வீடும் அப்படித்தான்.
நூறு ரூபாய்க் கணக்குக்குச் சண்டை வரும்,
கோப்பை பறக்கும்.
அப்பா காணியை ஈடு வைத்தது மட்டும்
பதினொரு வருடம் சத்தமில்லாமல் இருந்தது.

எனக்கு வயது முப்பத்தொன்று.
இல்ல விளையாட்டுப் போட்டியில் எப்போதும் கடைசி.
"சாப்பிடுறேல்லை, அதுதான்" என்றார் பீ.ரீ. மிஸ்.
கல்லுண்டாய் வெளியில் எதிர்க்காற்றில்
சைக்கிளை விட்டிறங்கி உருட்டுவேன்.
செயின் கழன்றதாய்ச் சொல்வேன்.
கனடா விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரேதான்
காட்டிக் கொடுத்தது:
வலப்பக்கம் வீங்கியிருந்தது,
சுவாசப்பைக்கு ஒருமுறை போய்வந்த இரத்தத்தையே
திரும்பத் திரும்ப அங்கே அனுப்பி.

கிளினிக் கார்ட்டின் பின்பக்கம்
நாலு அறை கீறினார்.
"வயித்துக்குள்ள இருக்கேக்க
எல்லாருக்கும் இந்த வாசல் இருக்கும்.
எனக்கும் இருந்தது.
முதல் மூச்சோட கதவு சாத்தும்.
உங்கட கதவுக்குப் பலகை காணாமல் போச்சு."

அம்மா கேட்டாள்:
"இவள் வயித்தில இருக்கேக்க
பங்கருக்குள்ள பயந்து கிடந்தனான்.
அதாலையோ?"
"இல்லை அம்மா. ஒருத்தரும் செய்த பிழையில்லை."
அம்மா நம்பவில்லை.
பழி சொல்ல ஆளில்லாத இடத்தில்
அவளுக்கு நிற்கத் தெரியாது.

பஸ் நிலையத்தடியில் என் கையைப் பிடித்தாள்.
"அவையளுக்குச் சொல்லாதை.
தங்கச்சியும் இருக்கிறாள்."

அன்றிரவே சொல்லிவிட்டேன்.
ஸ்காபரோவில் மாபிள் பதிக்கும் அவன்
நெடுநேரம் எழுதி, அழித்து, எழுதி,
கடைசியில் கேட்டது இவ்வளவுதான்:
"எத்தனை மில்லிமீற்றர்?"
பத்தொன்பது என்றேன்.
ஒரு ரூபாய்க் குத்தியளவு.
அதுவரைக்கும் யாரும் அதை
அளவாய்க் கேட்கவில்லை,
ஐயோவாய்த்தான் கேட்டார்கள்.

நெஞ்சைப் பிளக்கத் தேவையிருக்கவில்லை.
சுற்றிவரப் பிடிமானம் காணுமாம்.
தொடையடியில் ஒரு ஊசித்துளை,
அதனூடாக நாளம் வழியே மேலே,
மடித்த கம்பிவலை ஒன்று.
குழாயை விட்டு வெளியே வந்ததும்
அது தன் வட்டத்தை நினைத்துக்கொண்டது.
இந்தப்பக்கம் ஒரு தட்டு, அந்தப்பக்கம் ஒன்று,
நடுவில் ஒடுங்கிய இடுப்பு,
சட்டைக்கையின் இரட்டைப் பொத்தான் போல.
விடமுன் டொக்டர் இழுத்துப் பார்த்தாராம்.
வரவில்லை.
இன்னொருமுறை இழுத்தாராம்.
பிறகுதான் விட்டிருக்கிறார்.

ஆறு மாதம் அஸ்பிரின்.
பல் பிடுங்கப் போனால் முதலில் சொல்ல வேண்டும்.
கொஞ்ச நாளைக்கு வாளி தூக்கக்கூடாது.
அதற்குள் என் சதையே அதன்மேல் படர்ந்து
அதைச் சுவராக்கிவிடும்.
அவனுடைய அம்மா இன்னும் போன் எடுக்கவில்லை.
அவன் எடுக்கிறான், பெரும்பாலும் ஞாயிறுகளில்.

மறுநாள் காலை
திரைக்கு அந்தப்பக்கம் அம்மாவின் குரல்,
பக்கத்துக் கட்டிலாரிடம்:
"சும்மா காஸ்ற்றிக்தான் பிள்ளை."
மூக்குத்திக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.
"ஒருக்காத் தாங்கோவன்" என்று கேட்டேன்.
காதில் மாட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டில் யாரோ
உரலில் இடிப்பதுபோல் இருந்தது.
இவ்வளவு சத்தத்தோடா
இத்தனை வருடம் நான்
களைக்கேல்லை, களைக்கேல்லை என்று
சொல்லிக்கொண்டிருந்தேன்?