பதினெட்டுப் பாகை

ஐந்து பாகையில் எதுவுமில்லை.
பத்தில் மூன்று.
பதினைந்தில் முப்பத்தொன்று.
பதினெட்டில் நாற்பத்து நான்கு.
இருபத்தைந்தில் ஒன்பது, அதிலும் இரண்டு அழுகல்.
முப்பதில்
ஈரத்தாளின்மேல் சும்மா கிடக்கின்றன விதைகள்,
கடன்காரன் வாசலில் நிற்கையில்
உள்ளே மூச்சடக்கும் வீட்டைப்போல.

தட்டுக்கு ஐம்பது.
பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு மேலே
மஞ்சளாய்ப் பூக்கும் முட்செடி.
யாரோ ஒரு துரை
தன் ஊர் வேலி நினைப்பில் கொண்டுவந்ததாம்.
ஒவ்வொரு விதையையும் மணல்தாளில் உரசி
தோலில் ஒரு கீறல் வைத்தவள் நான்.
முளை இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் உண்டு,
இல்லையென்றால் இல்லை.
சந்தேகத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பூர்வீகம் என்றொரு கட்டம் இருக்கிறது.
'அந்நியம்' என்று எழுதினேன்.
நிலுஷிகா மிஸ் சட்டென்று ஜன்னலைப் பார்த்தார்.
வேண்டாம் மிஸ்.
இது செடி.
என்னை அதற்குள் இழுக்காதீர்கள்.

போன மார்ச்சில்
களை ஒழிப்பென்று சரிவுக்குத் தீ வைத்தோம்.
நானும் பந்தம் பிடித்தேன்,
நாட்சம்பளத்துக்கு மேலே இருநூறு ரூபாய்.
முள் வெடித்தது சீனவெடி மாதிரி.
கரிந்த தரையைப் பார்த்து
"இனித் தலை தூக்காது" என்று
சன்னாசி அண்ணன் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஜூன் மழையில் பச்சை வந்தது.
முதலில் புல் என்றோம்.

"உரசாத விதை எடு.
பாதியை ஓவனில் வை.
எண்பது பாகை, ஐந்து நிமிடம்."
செத்துப்போகுமே மிஸ் என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.

இன்று காலை, பதினெட்டுப் பாகைப் பெட்டியில்:
சுடாதது, ஆறு.
சுட்டது, நாற்பத்தொன்று.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினேன்.
நாற்பத்திரண்டு.
அந்தச் சரிவு முழுக்க
மண்ணுக்குள் மூச்சடக்கி இருந்ததையெல்லாம்
நாங்கள்தான்
பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம்.

சன்னாசி அண்ணனிடம் இதை யார் சொல்வது?
கை சுட்ட தழும்பை
இன்னும் எல்லோருக்கும் காட்டுகிறார்.

ஒருநாள் மறதியில்
வெப்பமானியைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.
இரவு பதினொரு மணி.
அடுப்புக்கு மேலே கொடியில்
மகனின் ஸ்கூல் சட்டை காயாமல் தொங்க,
லயத்துக் காம்பராவில் அது காட்டியது
பதினெட்டு.

சிரிப்பு வந்தது. பிறகு
வாசலில் கிடந்த என் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினேன்.
மண், ஒரு தேயிலைச் சருகு,
ஒரு விதை.
பழுப்பு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.
நகத்தால் அழுத்தினேன், உடையவில்லை.
கானில் போட்டால் கீழே கோப்பி மரத்தடிக்குப் போகும்.
அடுப்பில் போட்டால்?

தீப்பெட்டியைக் காலி செய்து
அதற்குள் வைத்து மூடினேன்.
விடியும்வரை
அதை எண்ணிக்கொண்டு கிடந்தேன்,
ஒன்று, ஒன்று, ஒன்று.