ஷூவுக்குள் பாலாறு

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
எனக்குப் பச்சை மை, இவருக்கு நீலம்.
திங்கள், எனக்கு இரவுப்பணி.
செவ்வாய், சீலாசுக்குக் கணக்கு டியூஷன், சத்துவாச்சாரி.
புதன், ஏனோக்குக்குத் திடப்படுத்தல் வகுப்பு, ஆறு மணி.
வியாழன், இவர் ராணிப்பேட்டையில்,
தோல் லோடு ஏறும்வரை வீடு கிடையாது.
'தினமும்' என்று அடியில் சிவப்பில் நான் எழுதியது:
குடும்ப ஜெபம், எட்டரை.
அந்தச் சிவப்புதான் முதலில் வெளுத்தது.

பெரும்பாலும் எங்கள் ஜெபம் ஸ்கூட்டரில்.
பாலாற்றுப் பாலத்தில் லாரிக்குப் பின்னால் நிற்கையில்
என் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு
சின்னவன் மனப்பாட வசனத்தைப் பாதி சொல்வான்.
வண்டிகள் நகர்ந்தால்
மீதி வசனம் விருதம்பட்டுப் புழுதியோடு போகும்.
"ஆமென் சொல்லிட்டியாடா?"
"அப்பவே சொல்லிட்டேன்மா."

போன ஞாயிறு கோயில் வாசலில்
வியர்வையைத் துடைத்தபடி போதகரம்மா கேட்டார்கள்:
"வீட்டு ஜெபம் தவறாம நடக்குதில்ல, சிஸ்டர்?"
"தினமும் நடக்குதுங்கம்மா."
ஊசி போடும்போது 'வலிக்காது' என்பேனே,
அதே குரல்.

இன்று வியாழன். லாரி வரவில்லை, இவர் வந்துவிட்டார்.
துவைக்க எடுத்த ஏனோக்கின் ஷூவைத் தட்டினேன்.
கைப்பிடி மணல்.
திடப்படுத்தல் வகுப்பு நடக்கும் ஹாலில்
மொசைக் தரை.
கேட்க வாயெடுத்தேன், குக்கர் கத்தியது.
முள்ளுக்கத்தரிக்காயின் முள் வேறு விரலில்.
பிறகு எப்படியோ எட்டரை ஆகி
நாலு பேரும் பாயில் இருந்தோம்.

சீலாஸ் ஆரம்பித்தான்:
"ஆண்டவரே, அண்ணன் வகுப்புக்குப் போகாம
ஆத்துல கிரிக்கெட் ஆடினத மன்னியும்.
அம்மாவுக்கு அது தெரியாமப் பாத்துக்கும்.
அவன் எனக்குக் குடுத்த பத்து ரூபாய்க்காக ஸ்தோத்திரம்."

இவர் தோள் குலுங்கியது.
கண்ணை இறுக்கி மூடணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவள்
இமையிடுக்கில் பார்த்தேன்:
பதினாலு வயதின் காதுமடல்
சுடச்சுடச் சிவந்திருந்தது.

அடுத்து என் முறை.
வார்டில் இருப்பவர்கள், பிரயாணங்கள், காலாண்டுப் பரீட்சை
எல்லாம் வரிசையில் வந்தன.
அப்புறம் வரிசையில் போதகரம்மா வந்து நின்றார்கள்,
கைக்குட்டையோடு.
"ஆண்டவரே, நானும்..." என்றேன்.
அதற்குமேல் நகரவில்லை.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
ஏனோக் ஒரு கண்ணைத் திறந்தான்.
திறந்திருந்த என் கண்ணில் வந்து முட்டினான்.

யார் ஆமென் சொன்னது என்று தெரியாது.
வார்டிலிருந்து போன்:
நாளை ராத்திரி கோமளேஸ்வரிக்குப் பதில் வரமுடியுமா?
பச்சைப் பேனா காய்ந்திருந்தது,
கிடைத்த சிவப்பில் எழுதிக்கொண்டேன்.

குளியலறைப் பக்கம் துடைப்பச் சத்தம்.
யாரும் சொல்லாமலே மணலைக் கூட்டுகிறான் பெரியவன்.
கூட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில்,
தம்பியிடம்
பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்கிறான்.