ஆமையன் கல்: பதிவுத்தாள்

வெருகல் வீதியிலிருந்து உள்ளே திரும்பி
டிப்பர் உழுத தடத்தில் ஐந்து கிலோமீற்றர்.
பாலை மரத்தோடு வான் நின்றுவிடும்.
அதற்கப்பால்
பூரணி கத்தி வீசி முன்னே போவாள்.
அவள் வெட்டிய வழியில்
அளவுகோலோடு நஸீஹா,
தாள்களோடு நான்.

குகை என்று சொல்ல ஏலாது.
கல் கொஞ்சம் குனிந்து நிற்கிறது,
குனிந்த இடத்தில் மழை படாது.
அவ்வளவுதான்.

முதல் நாள் பதினொரு உருவம்.
காவியில் ஒரு மரை,
கொம்பு மட்டும் சாம்பல் வெள்ளை.
கழுத்தில் குளவி மண்கூடு வைத்திருக்கிறது,
சுரண்டினால் கழுத்தும் போகும்.
வயிறு பெருத்த ஒருவன், அல்லது ஒருத்தி;
கையில் இருப்பது வில்லா, தேனுக்கு இறங்கும் கயிறா என்று
மூதூர்க் கடையில் கொத்து ஆறும்வரை
எனக்கும் நஸீஹாவுக்கும் வாக்குவாதம்.
பிறகு கோடுகள். வரிசையாக முப்பத்தொன்று.
எதை எண்ணினார்கள்?
நிலவையா, உடும்பையா, திரும்பி வராதவர்களையா?
தெரியாது என்று எழுத
தாளில் ஒரு கட்டம் இல்லை.

முழம் தள்ளி
இன்னொரு வரிசை, கரியில்.
நாலு நெடுக்கே ஒன்று குறுக்கே,
நாலு நெடுக்கே ஒன்று குறுக்கே.
கீழே சிங்களத்தில் பாதிப் பெயர்.
காவலுக்கு நின்ற யாரோ
லீவுக்கு இருந்த நாட்களை வெட்டியிருக்கிறான்.
அவன் சோறாக்கிய புகை
மரையின் முதுகில் இன்னும் இருக்கிறது.

பதினொரு மணிக்குச் சங்கு ஊதும்.
மேற்கே வெடி வைப்பார்கள்.
மலை அடிவயிற்றிலிருந்து ஒருதரம் இருமும்.
நாங்கள் கமராவைப் பொத்திக்கொண்டு
தூசி இறங்கும்வரை நிற்போம்.
அந்தப் பக்கம் ஜல்லி கியூப் என்ன விலை என்று
பூரணிக்குத் தெரியும்.
அவளுடைய மச்சான் அங்கேதான் துளை போடுகிறான்.
"நீங்க பலகை நட்டா
வேலியும் வருமா?" என்று கேட்டாள்.
"விறகுக்கு எந்தப் பக்கத்தால வாறது?"
நஸீஹா என்னைப் பார்த்தாள்.
நான் பென்சில் சீவினேன்.

மூன்றாம் நாள், இடது மூலையில், முழங்கால் உயரத்தில்
தும்பி மாதிரி ஒன்று.
பெரிய தலை, நீண்ட வால்,
தலைக்கு மேல் பெருக்கல் குறி.
கீழே சின்னச் சின்னப் புள்ளிகள், மழை போல.
கரி. கை நடுங்காத கோடு.
தாளில் எழுதினேன்:
பிற்காலச் சிதைவு. அகற்றலாம்.
பஞ்சும் காய்ச்சி வடித்த நீரும்
பெட்டியில் இருந்தன.

தண்ணீர்ப் போத்தலோடு வந்த பூரணி
குந்தி இருந்து பார்த்தாள்.
"வால் பிழை" என்றாள்.
"பின்னுக்கும் ஒரு சின்னக் காத்தாடி இருக்கும்.
அண்டைக்கு அவதியில விட்டிட்டன்."
பிறகு, கடையில் உப்புக் கேட்பவள் போல,
"கரித்துண்டு இருக்கா?"

இல்லை என்றேன்.
இருந்தது. ஸ்கெட்ச் போட வைத்திருந்தேன்.
ஒன்பது நாள் இங்கே இருந்ததாம்,
பதினாறு பேர், ஒரு ஆடு.
ஆட்டின் வாயைக் கட்டி வைத்தார்களாம்.
"அப்ப இந்த மரையை நீ பார்க்கேல்லையா?"
"பார்த்தன். அது ஓடுது.
எங்களுக்கு ஓட ஏலாது."
சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு
செடி வெட்டப் போனாள்.
நாட்சம்பளம்; நாலு மணிவரை வேலை.

எழுதியதை ஒரு கோட்டால் அடித்தேன்.
உருவம் பன்னிரண்டு.
நிறப்பொருள்: அடுப்புக்கரி.
வயது என்ற கட்டத்தில்
அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"அப்பயா? எட்டு" என்றது பற்றைக்குள்ளிருந்து குரல்.
அப்படியே எழுதினேன்.
திருகோணமலை அலுவலகத்தில்
யாராவது சிவப்பால் சுழிப்பார்கள், சுழிக்கட்டும்.

நாலு மணிச் சங்கு.
இருமல்.
நஸீஹா அளவுகோலை மடிக்கும்போது
மேலிருந்து ஒரு செதில் விழுந்தது,
நகத்தளவு.
ஒரு பக்கம் கல், மறுபக்கம் சிவப்பு.
மரையா, வயிறு பெருத்தவளா,
முப்பத்தொன்றில் ஒன்றா,
நிமிர்ந்து தேடினோம்,
வெளிச்சம் போய்விட்டது.
தீப்பெட்டியைக் காலி பண்ணிப்
பஞ்சு வைத்து உள்ளே போட்டேன்.
வான் குலுங்கிய வழியெல்லாம்
சட்டைப் பையைக் கையால் பொத்தியபடி
வந்தேன்.