ஏகமனதாக

புக்கிட் செராயாவில் காலை பத்து மணி வரை
மழை பெய்யாது.
பெய்ய விடமாட்டோம்.
மரம் நனைந்தால் பால் வீண், கூலி பாதி.
அதற்குத்தான் மழைகட்டுவோர் சங்கம்,
ஆ கியோங் காப்பிக்கடை மாடியில்.
விசிறி ஒன்று, நாற்காலி இருபத்து மூன்று,
செயலாளர் நான்.

கட்டிய மழையை அன்றே ஆற்றில் ஊற்றிவிட வேண்டும். விதி.
தவமலர் ஊற்றவில்லை.
மண்ணெண்ணெய்த் தகரத்தில் அடைத்து
ஈயம் வைத்து மூடி
கட்டிலுக்கடியில் அடுக்கினாள், ஏழு வருஷம்.
இரவில் அவள் வீட்டைக் கடந்தால்
உள்ளே இடி உறுமும்.
பூனை என்பாள்.
அவளிடம் பூனை இல்லை.

சடக்குக்கு அந்தப் பக்கம்
நிழல்பிடிப்போர் சங்கம்.
அவர்கள் குடித்த கோப்பையில் நாங்கள் காப்பி குடிப்பதில்லை.
மாதக் கடைசியில் நிழலைக் கழற்றிக் கொடுத்தால்
ஏகாம்பரம் முப்பது வெள்ளி தருவார்,
சுருட்டி, சீட்டுக் கட்டி, அலமாரியில் செருகுவார்.
எங்கள் ஆட்களில் சிலர்
உச்சிவெயிலில் மட்டும் வெளியே வருவதை
நான் கவனித்திருந்தேன்.
தவமலர் எண்ணியிருந்தாள்.
பதினொரு பேர்.

தலைவர் மருதப்பனுக்கு
தினம் ஒரு பொட்டலம் நாசி லெமாக் அவள் கையால்.
"அண்ணே, நீங்க இருக்கிறப்ப எனக்கெதுக்குப் பதவி?"
ஒரு செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு
அவர் காவல் நின்ற ஆறாம் நம்பர் மலையில் மட்டும்
கொட்டித் தீர்த்தது.
மங்குகளில் பால் கரைந்து தண்ணீராய் வழிந்தது.
மறுவாரமும்.
"அண்ணனுக்குக் கை தளர்ந்திருச்சு போல,"
எல்லோர் காதிலும் விழும்படி
வருத்தப்பட்டாள்.

செம்பனை லாரிகள் தூங்கும் திடலில்
அவளும் ஏகாம்பரமும் சந்தித்த இரவை
நான் பார்த்தேன். லாரிக்குப் பின்னால் நின்றேன்.
ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள்.
எழுபது தகரம் அங்கே போனது,
பதினொரு சுருள் இங்கே வந்தது.
"மழையை வச்சு நீங்க என்ன செய்வீங்க?"
"மேகத்தை விடப் பெரிய நிழல் ஏதும்மா?"
இருவரும் சிரித்தார்கள்.
பகையாளிகள் அவ்வளவு அழகாகச் சிரித்து
நான் பார்த்ததில்லை.

வீடு வீடாய்ப் போனாள்.
குதிகாலில் நைலான் நூலால்
அவரவர் நிழலை அவரவருக்குத் தைத்தாள்.
காசு வாங்கவில்லை.
துரைக்கண்ணு அழுதுவிட்டான்.
நூலின் மறுமுனை எங்கே போகிறதென்று
ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

ஞாயிறு காலை, ஆண்டுப் பொதுக்கூட்டம்.
மாடி ஜன்னல்களைச் சாத்தி
விளக்கைத் தாழ்வாகக் கட்டச் சொன்னாள், கண் கூசுகிறதாம்.
தவமலருக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தலாம் என்றேன்.
அவள் கொண்டையைச் சரிசெய்பவள்போல
வலது கையைத் தூக்கினாள்.

முதலில் சுவரில் எழுந்தன பதினொரு கைகள்.
பிறகு, கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல்
ஆட்களின் கைகள்.
மருதப்பனின் மருமகன் குணாளன்
தன் கையை அண்ணாந்து பார்த்தான்,
பேருந்தில் மேலே சாய்ந்துவிட்ட
அந்நியனைப் பார்ப்பதுபோல.
அவளோடு பன்னிரண்டு. போதும்.
மீதிப் பேர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள்.
கடைசியாக மருதப்பன்.

நான் நிழலை அடகு வைத்தவனில்லை.
அன்றிரவு டார்ச் அடித்து
இரண்டு குதிகாலையும் மூன்று தடவை பார்த்தேன்.
நூல் இல்லை. தழும்பு இல்லை.
ஆனால் அவள் கை கொண்டையைத் தொடும் முன்பே
சுவரில் ஒரு கை நின்றுகொண்டிருந்தது,
பேனாவோடு.

ஏகமனதாக என்று எழுதினேன்.
எழுத்து நன்றாக இருக்கிறது என்றாள் புதிய தலைவர்.

பசியாற இறங்கினோம்.
ஆ கியோங் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.
மணி ஒன்பது இருபது.
தூறத் தொடங்கியிருந்தது.