எரிபொருள் கணக்கு

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
படகின் எஞ்சின் அறையிலிருந்து தும்மாஸ் கொடுத்தான்,
அட்டையில் டீசல் வாடையோடு.
"படித்துவிட்டுத் திட்டு, ரன்வா" என்றான்.

திட்டத்தான் உட்கார்ந்தேன்.

த்வோரொய்ரியிலிருந்து தோர்ஸ்ஹவ்னுக்கு
இரண்டு மணி நேரம்.
ஆடுகள் மட்டும் குடியிருக்கும் லீட்லா தீமுனைத் தாண்டுவதற்குள்
மூன்று அமைச்சர்கள் விஷத்தில் போய்விட்டார்கள்.
பேரரசன் ஒன்பது வயதுப் பையன்.
முன்பல் விழுந்திருக்கிறது.
அந்த ஓட்டைக்குள் நாக்கை விட்டபடி
ஒரு போருக்குத் தலையாட்டுகிறான்.
எழுதிய கையைப் பிடித்துக் குலுக்கலாம்.
அடுத்த பக்கத்திலேயே அந்தக் கை
பதினோரு வரிக்குப் பீரங்கிகளின் பெயரை அடுக்குகிறது,
சலவைக்குப் போட்ட துணிக்கணக்கு மாதிரி.

என் வேலை
மீன்பிடி ஒதுக்கீட்டுப் பேச்சுவார்த்தையில் குறிப்பெடுப்பது.
கானாங்கெளுத்தி எத்தனை டன், யாருக்கு,
எந்தக் கோட்டுக்கு வடக்கே.
பெரிய நாட்டுக்காரர்கள் நீளமாகப் பேசுவார்கள்.
எங்கள் ஹானுஸ் தண்ணீர் குடிப்பார்,
கண்ணாடியைத் துடைப்பார்,
"அந்தச் சொல்லை இன்னொரு முறை" என்பார்.
அவ்வளவுதான் எங்கள் கடற்படை.

அதனால்தான் இருநூற்று நாற்பதாம் பக்கத்தில்,
ஒப்பந்தம் வாசிக்கப்படும் மண்டபத்தில்,
மொழிபெயர்ப்பவள் எழுந்து
'பாதுகாப்பு' என்பதற்கு உங்கள் மொழியில்
எத்தனை பொருள் என்று கேட்டு,
ஆறு என்று அவர்கள் சொல்லி,
ஆறையும் எழுதிக் கொடுங்கள் என்று
அவள் மறுபடி உட்கார்ந்தபோது
நான் எழுந்து நின்றிருந்தேன்.
படகு எப்போதோ துறை சேர்ந்திருந்தது.
ஜனம் என்னை இடித்துக்கொண்டு இறங்கியது.

மாலைப் படகில் அந்த நிலா செத்தது.

எர்சி. நாற்பத்தோராயிரம் பேர்.
எங்களைவிடக் கொஞ்சம் குறைவு.
உப்புக் குளங்களில் பாசி வளர்க்கிறவர்கள்.
அவர்கள் மொழியில் ஒரு சொல்கூடப் புத்தகத்தில் இல்லை,
அரண்மனை மொழிக்கோ
பின்னிணைப்பில் அகராதியே உண்டு.
'எர்சி அணைந்த பிறகு அவை கூடியது.'
அவ்வளவே.

குறிப்பெடுக்கிறவளுக்குத் தெரியும்.
ஒன்றை ஒளிக்கப் பூட்டு வேண்டாம்,
பெயரெச்சம் போதும்.
அணைந்த.
அந்த மெல்லின ஒற்று வல்லினமாகியிருந்தால்
அணைத்த கை ஒன்று
வெளியே வந்திருக்கும்.

சரி, முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.
எழுதியவருக்கு அந்தப் பேரரசின் மேல் ஆசை.
அதன் படிக்கட்டுகள், பனிப்பழ மது,
கையில் விளக்கேந்தி வாக்களிக்கும் முறை.
எனக்கும் ஆசை வந்தது, கோபமே அதில்தான்.
வெள்ளிக் கழுத்துப்பட்டி வைத்த அந்த அங்கியை
மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்.
எர்சி போன பிறகும் கழற்றவில்லை.

ஐநூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தின் ஓரத்தில்
பென்சில்.
எடை, தூரம், வேகம், ஒரு வகுத்தல்.
அதன்கீழ் தும்மாஸின் கோணல் கையெழுத்து:
'இந்த எரிபொருளுக்கு இந்தப் படை
பாதி வழிகூட வந்திருக்காது.'
இரண்டு அடிக்கோடு.

அவனுக்கு அரசியல் பிடிக்காது.
தேர்தலன்றுகூடத் தூங்குகிறவன்.
யாரோ எஞ்சினைப் பற்றிப் பொய் சொன்னதில்
அவனுக்குக் கோபம்.
நானும் கைபேசியில் போட்டுப் பார்த்தேன்,
இரண்டு தடவை.
சரியாகத்தான் வருகிறது.

அப்படியானால் நடுவழி இருட்டில்
நிற்கிறது அந்தப் படை.
தளபதிகள் கம்பளியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.
எர்சியில் யாரோ முழங்கால் தண்ணீரில் நின்று
பாசி வாரிக்கொண்டிருக்கிறார்கள்,
தாங்கள் செத்துப்போன செய்தி தெரியாமல்.

இறங்கும்போது எஞ்சின் அறைக் கதவைத் தட்டினேன்.
காதுக்கவசத்தை ஒரு பக்கம் தூக்கி
"எப்படி?" என்றான்.
"பாதி" என்றேன்.
எந்தப் பாதி என்று கேட்காமல்
இரண்டாம் பாகத்தை நீட்டினான்.
எழுநூற்று முப்பது பக்கம்.

பென்சிலையும் கொடு என்றேன்.