குணாளனின் பட்டாணி

ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் வேலைநாள்.
கோல கெட்டில் கிளினிக்கில்
பத்து மணிக்கே கரண்ட் போனது.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து
அட்டையைத் தேடும்வரை சட்டைப் பையில் வைத்த ஊசி
(என் தவறுதான்)
சாய்த்தால் ஓடவில்லை.
உடம்புக்குள் வந்துவிட்டோம் என்று
நினைத்துக்கொண்டதுபோல.

"கெட்டுப்போச்சா மிஸ்ஸி?"
குணாளன், பழக்குலை லோரி ஓட்டுபவர்,
சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி.
இல்லை. பனிக்கட்டியில் திரும்பப் படுக்கவைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் தண்ணீர்.

"எங்க மில்லுல நேர்மாறு.
செம்பனை எண்ணெய் குளுந்தா கட்டி, சூட்டுல ஓடும்.
தொட்டிக்கு ஆவி விட்டுக்கிட்டே இருக்கணும்.
இது என்ன, தலைகீழாப் பொறந்ததா?"

ஆமாம். குளிரில் இதன் இழைகள்
தண்ணீரோடு கைகோத்து நீளும்.
உடம்புச் சூடு பட்டதும்
பாதித் தண்ணீரை உதறிவிட்டு
ஒன்றோடொன்று ஒண்டிக்கொள்ளும்.
அந்த ஒண்டலுக்குள் மருந்து சிக்கிக்கொள்ளும்.
சொல்ல நினைத்தேன்.
"மூச்ச இழுத்து விடுங்க" என்றேன்.

தொப்புளுக்கு இடப்பக்கம், தோலுக்கு அடியில்
சில்லென்று ஒரு கோடு.
அவர் சூடு அதைத் தொட்டது.
அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

தேய்க்காதீங்க. ஐஸ் ஒத்தடம் கூடாது.
முதல் ரெண்டு நாள் அவசரமாய்க் கசியும்,
அப்புறம் நிதானிக்கும்.
அதுவரைக்கும் லோரி எடுக்காதீங்க.

போன வருடம்வரை
தினமும் ஏழேகாலுக்கு மெத்தடோன் வரிசை.
சரியாக அப்போதுதான் பள்ளி பஸ் திரும்பும்.
ஜன்னலோரம் அவர் மகள் கவினயா.
பார்க்காமல் இருக்க அவள் பட்ட சிரமம்
கவுண்டருக்குள் இருந்த எனக்கே தெரிந்தது.

கையில் எது கிடைத்தாலும்
அன்றைக்கே தீர்த்தவர்:
சம்பளம், பொடி, மனைவி கொடுத்த மன்னிப்பு.
இப்போது வயிற்றோரம் ஒரு பட்டாணி
அளந்து அளந்து கொடுக்கிறது.
கெஞ்சினாலும் கூடுதல் கிடையாது.

"ஒண்ணு கேக்கணும் மிஸ்ஸி.
நான் செத்து உடம்பு குளுந்துட்டா
இது திரும்பவும் தண்ணி ஆயிடுமா?"

ஆகும் என்றுதான் நினைக்கிறேன்.
"இந்த ஊரு வெயிலுக்கு
அவ்வளவு சீக்கிரம் குளுந்துட மாட்டீங்க."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் வாரம் விரலால் தேடினேன். இருந்தது.
நான்காம் வாரம் அரைப் பட்டாணி,
அல்லது என் கற்பனை.

"எங்க போச்சு?"
"துணுக்கு துணுக்கா அறுந்து
ரத்தத்துல கலந்து, கடைசியில
ஒண்ணுக்குல போயிடும்."
"சத்தமில்லாமலா?"
"சத்தமில்லாம."

வெளியே அவர் லோரி, எஞ்சின் அணைக்காமல்.
குலைகள் காத்திருந்தால் எண்ணெயில் புளிப்பேறும்.
எடைமேடையில் ஏற்கெனவே பதினோரு வண்டி.

அடுத்த ஊசியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.
பையில் வைக்கவில்லை.