பச்சைக் குழாய்

மின்சாரச் சான்று இல்லாமல் வக்கீல் நகரமாட்டார்,
வக்கீல் நகராமல் வங்கி நகராது.
ஆகவே சனிக்கிழமை காலை ஏழரைக்கு
சாட்ஸ்வொர்த், வெஸ்ட்கிளிஃப்,
ஒட்டுச்சுவர் வீடு ஒன்றின் கேட்டுக்கு வெளியே
ஏணியோடு நான்.

கதவைத் திறந்தவர் மொகாம்பரி மூட்லி.
வண்டு பார்ப்பவன் நேற்றே வந்து
கூரைக்கட்டை ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டு
பூச்சியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம்.
"நீயும் சட்டுனு எழுதிக் குடு தம்பி.
கேப் டவுன்ல மக ரூம் ஒழிச்சு வச்சிருக்கா."
என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையிலிருந்த படிவத்தைத்தான் பார்த்தார்.

அடுப்பு, சரி.
கீசர், எர்த் கம்பி தளர்ந்திருந்தது, முறுக்கினேன்.
விளக்குகள் சரி.
கடைசி சுவிட்சுக்கு மட்டும் பெயரில்லை.
அதில் மீட்டரை வைத்தேன்,
முள் எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தது.

பெயரில்லாத கம்பி
சமையலறை ஜன்னல் சட்டத்தைத் துளைத்து,
பப்பாளி மரத்தடியில் மண்ணுக்குள் இறங்கி,
பின்கட்டு அறைக்குப் போகிறது.
ஒரு சாண் தோண்டினேன்.
பச்சைத் தோட்டக்குழாய்.
செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய்.
அதற்குள் காலிங்பெல்லுக்குப் போடுகிற மெல்லிய கம்பி,
இணைப்பில் டேப்புக்குப் பதில்
புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்.

இடமிருந்து வலமாக மூன்று சுற்று,
நுனியை உள்ளே மடித்துச் சொருகி.
எனக்கு அந்த மடிப்பு தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.
எனக்குப் பதினாறு.
ஞாயிறு அவர்கள் மகனுக்குக் கல்யாணம்,
வெள்ளிக்குள் அந்த அறைக்கு வெளிச்சம் வேண்டும்.
கவுன்சிலிடம் வரைபடம் கொடுக்கவில்லை,
லைசன்ஸ்காரனைக் கூப்பிடக் காசில்லை.
தீனன் மூட்லி என் சட்டைப்பையில்
பதினைந்து ராண்டைத் திணித்தார்,
கால் பன்னிச் சோவும் வாங்கித் தந்தார்.
பல்ப் எரிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.
அப்புறம் யார் யாரோ வாடகைக்கு இருந்தார்கள்.
இத்தனை வருஷம் அது யாரையும் கொல்லவில்லை.
அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.
மழை பெய்தபோதெல்லாம்
யாரோ செருப்புப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் இன்னும் குந்தியே இருந்தேன்.
வீட்டை வாங்கப்போகிற நர்ஸ் நொம்ஃபுண்டோ
திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்திருந்தாள்.
அவள் மகன், ஐந்து வயதிருக்கும்,
நேற்றைய மழை தேங்கிய இடத்தில்
வெறுங்காலோடு குதித்தான்,
பப்பாளிக்கு இரண்டடி தள்ளி.

நான் போட்ட சத்தம்
பக்கத்து வீட்டு நாயை எழுப்பியது.
பையன் அழ ஆரம்பித்தான்.
நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.
ஃபிரிட்ஜ் மூச்சை நிறுத்தியது.
ஒரு நிமிஷம் வீட்டில் யாருமே பேசவில்லை.

"இது ஃபெயில், அம்மா."

"எப்படி ஃபெயில்? நல்ல பொடியன் போட்ட வேலை!
அன்னைக்குப் போட்டது,
ஒரு நாள்கூட ஃப்யூஸ் போனதில்ல."

ஃப்யூஸ் போயிருக்க வேண்டும், அம்மா.
அதுதான் ஃப்யூஸின் வேலை.
இதைச் சொல்லவில்லை.
படிவத்தில் எழுதினேன்:
மண்ணுக்கடியில் காப்பில்லாத கம்பி. எர்த் கிடையாது.
நிறுவியவர் என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
தகுதியில்லாத ஒருவர், என்று எழுதினேன்.
பொய்யில்லை.
முழுசாக உண்மையும் இல்லை.

புதுக் கேபிள், பள்ளம், கூலி,
நாலாயிரத்து அறுநூறு ராண்ட் என்று கணக்குப் போட்டு,
கீழே கழிவு பதினைந்து என்று எழுதி,
நாலாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து என்று முடித்தேன்.

குழாயை உருவினேன்.
முக்கால்வாசி வந்தது, மீதியை வேர் விடவில்லை.
வெட்டிய வாயிலிருந்து
துருநிறத் தண்ணீரும் எறும்புகளும்.

மொகாம்பரி சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து
இரண்டாம் முறை படித்தார்.
கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"அதென்ன, பதினஞ்சு?"